விற்ற அதிகாரமும் வாங்கிய கடனும்: பிரான்சின் வரம்பற்ற முடியாட்சி

ஐரோப்பாவின் வரம்பற்ற முடியாட்சிக்கு இலக்கணம் வகுத்த நாடு பிரான்ஸ். அங்கே 1562 முதல் 1598 வரை கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டினரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட ஆண்டுகளில், நாட்டில் ஒரே ஓர் இறுதி அதிகாரம் இருந்தால்தான் அமைதி திரும்பும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவியது. சட்ட அறிஞர் ழான் போதின் 1576இல் எழுதிய நூல் இறைமை பிரிக்க முடியாதது, அதைத் தாங்குபவன் தன் சட்டத்துக்கே கட்டுப்பட்டவன் அல்லன் என்று வாதிட்டது. குடிகளின் இசைவின்றி அவர்களுடைய பொருளை எடுக்க மன்னனுக்கு உரிமை இல்லை என்றும் அதே போதின் எழுதினார். மன்னர்கள் முதல் கூற்றை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை ஒதுக்கிவைத்தார்கள். ஒதுக்கிவைத்த கூற்று இரு நூற்றாண்டுகள் அவர்களை விடாமல் துரத்தியது.

பதின்மூன்றாம் லூயியின் முதலமைச்சர் கார்டினல் ரிஷ்லியூ, பிரபுக்களின் உள்நாட்டுக் கோட்டைகளை இடிக்க ஆணையிட்டார். மாகாணங்களுக்கு 'இன்டெண்டன்ட்' எனப்பட்ட அரச அதிகாரிகளை அனுப்பினார். அவருக்குப்பின் வந்த மசாரின் காலத்தில், 1648இல், இதற்கெல்லாம் எதிர்வினையாக 'ஃபிரோந்து' கலகம் வெடித்தது. அதைத் தொடங்கியவர்கள் பட்டினி கிடந்த உழவர்கள் அல்லர், பாரிஸ் உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள். பிறகு இளவரசர்களும் சேர்ந்துகொண்டனர். பத்து வயதுச் சிறுவனாக இருந்த பதினான்காம் லூயியை 1649 ஜனவரியில் இரவோடிரவாகப் பாரிஸை விட்டு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. 1661இல் மசாரின் இறந்ததும் இனி முதலமைச்சரே கிடையாது என்று லூயி அறிவித்ததில் அந்த இரவின் பங்கு சிறிதல்ல.

அடுத்த சில பத்தாண்டுகளின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. பிரபுக்கள் சொந்தப் படையோடு மன்னனை எதிர்க்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது. 1667இல் உரிமையியல் நடைமுறைக்கும் 1670இல் குற்றவியல் நடைமுறைக்கும் பொதுவான சட்டத்தொகுப்புகள் வந்தன. பாரிஸ் நகரக் காவலுக்கெனத் தனி உயர் அதிகாரி 1667இல் அமர்த்தப்பட்டார். மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் இணைக்கும் மிடி கால்வாய் 1681இல் திறக்கப்பட்டது. 1690களில் படையின் பலம் ஏட்டளவில் நான்கு லட்சத்தைத் தொட்டது. ஐரோப்பா அதுவரை காணாத அளவு அது. பக்கத்து வீட்டுப் பிரபுவின் ஆட்களுக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு வணிகருக்கு இந்த ஆட்சி பெரிய விடுதலையாகவே தோன்றியிருக்கும்.

அரசவை 1682இல் வெர்சாய் அரண்மனையில் நிலைகொண்டது. மன்னர் எழுவதும் உறங்கப்போவதும் அங்கே சடங்குகளாயின. இரவில் அவர் உடை மாற்றும்போது மெழுகுவர்த்தித் தாங்கியை யார் பிடிப்பது என்பதை மன்னரே ஒவ்வொரு நாளும் அறிவிப்பார். பழம்பெரும் குடும்பத்துப் பிரபு ஒருவர் அந்தச் சில நிமிடங்களுக்காக ஏங்கி நிற்பார். பிரபுக்களைப் பொற்கூண்டில் அடைத்துப் பல்லைப் பிடுங்கிய தந்திரம் என்று பாடநூல்கள் இதைச் சொல்லிவந்தன. ஆனால் பிரபுக்களில் பெரும்பாலோர் வெர்சாய் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, ஊரிலேயே இருந்தார்கள். வந்தவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஓய்வூதியம், படைத்தலைமை, ஆயர் பதவி என்று வாரிக்கொண்டு போனார்கள். லாங்கடாக் மாகாணத்தின் கணக்குகளை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் பெய்க், மன்னர் பெயரில் திரட்டிய வரியில் கணிசமான பங்கு உள்ளூர்ப் பெரிய மனிதர்களிடமே திரும்பிச் சென்றதைக் காட்டினார். அடக்கி ஆண்டார் என்பதைவிடப் பங்கு கொடுத்து ஆண்டார் என்பதே பொருத்தம். அப்படிப் பார்த்தால் 'வரம்பற்ற' என்ற அடைமொழியே கேள்விக்குரியதாகிறது. எனினும் அதை அறவே தள்ளிவிடவும் முடியாது: போர் தொடுப்பது மன்னரின் முடிவாகவே இருந்தது, ஒருவரை விசாரணையின்றிச் சிறையில் தள்ள அவருடைய ஒரு முத்திரைக் கடிதம் போதுமாயிருந்தது.

இந்த முடியாட்சியின் உயிர்நாடி பதவி விற்பனை. நீதிபதி, வரி வசூலிப்பவர், பதிவாளர் எனப் பெரும்பாலான பதவிகள் விலைக்குக் கிடைத்தன. 1604இல் நான்காம் ஹென்றியின் ஆட்சி ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டினால் அதைப் பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம், பிறருக்கு விற்கவும் செய்யலாம். அன்றோடு பதவி குடும்பச் சொத்தாகிவிட்டது. 1660களில் நிதியமைச்சர் கோல்பேர் எடுத்த கணக்கில் இத்தகைய பதவிகள் ஏறத்தாழ 46,000 இருந்தன. அவற்றைக் குறைக்க முயன்றார், போர்ச்செலவு விடவில்லை. அவருக்குப் பின் விற்க ஏதுமில்லாதபோது புதிய பதவிகளை உருவாக்கினார்கள். பொய்முடி செய்யும் தொழிலுக்குக்கூட விலைக்கு வாங்கும் பதவி வந்தது. எல்லாவற்றிலும் விலையுயர்ந்தவற்றுள் ஒன்று 'அரசச் செயலர்' பதவி. அதில் வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகள் வைத்திருந்தாலோ, பதவியில் இருக்கும்போதே இறந்தாலோ குடும்பம் பரம்பரைப் பிரபுத்துவம் பெற்றது. பிரபுவானால் 'டெய்ல்' என்னும் முதன்மை நேரடி வரி இல்லை. நாட்டின் செல்வந்தர்கள் ஒரு முறை விலை கொடுத்துவிட்டுத் தலைமுறை தலைமுறையாக வரியிலிருந்து கழன்றுகொண்டார்கள். விதைநெல்லை விற்றுக் கடனடைத்த கதைதான்.

வரிப்பாரம் பணமில்லாதவர்கள் தலையில் விழுந்தது. உப்பு வரியைப் பார்த்தாலே போதும். வரி மிகுந்த வட பகுதியில் எட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட அளவு உப்பை அரசுக் கிடங்கிலேயே வாங்கியாக வேண்டும். பக்கத்து மாகாணமான பிரித்தானியிலோ பழைய சலுகையின்படி அந்த வரியே இல்லை. எல்லைக்கோட்டின் இருபுறமும் விலை இருபது மடங்குக்கு மேல் வேறுபட்டது. உப்புக் கடத்தல் பெருகியதில் வியப்பில்லை. பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்புப் போட அனுப்பினார்கள். நாடெங்கும் ஒரே சட்டம், ஒரே வரி என்பதை இந்த 'வரம்பற்ற' அரசால் ஒருநாளும் நடைமுறைப்படுத்த முடியவில்லை. கோட்டை கட்டுவதில் புகழ்பெற்ற படைத்தலைவர் வோபான், எல்லாரிடமும் வருமானத்துக்கேற்ப வரி வாங்க வேண்டும் என்று 1707இல் நூல் வெளியிட்டார். அதைத் தடை செய்தார்கள்.

ஒரே ஆளின் முடிவு தவறாகும்போது அதைத் தடுக்க நிறுவனம் ஏதும் இல்லாதது இன்னொரு குறை. புராட்டஸ்டன்டினருக்கு உரிமை அளித்திருந்த நான்ட் ஆணையை 1685இல் லூயி ரத்து செய்து புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடை செய்ததும், ஒன்றரை லட்சத்துக்கும் குறையாதோர் ஆங்கிலேய, டச்சு, பிரஷ்ய நாடுகளுக்கு ஓடினர். நெசவும் கடிகாரத் தொழிலும் அவர்களோடு போயின. 1693–94 பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தபோதும் போர் நிற்கவில்லை. 1715இல் லூயி இறந்தபோது கடன் 200 கோடி லிவ்ரைத் தாண்டியிருந்தது.

இங்கிலாந்து எதிர்த்திசையில் போயிற்று. 1689 உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி வரி இல்லை என்றது. 1694இல் இங்கிலாந்து வங்கி தோன்றியது. வரி கொடுக்கும் வர்க்கமே கடனுக்கும் பொறுப்பேற்றதால் லண்டனில் அரசுக்குக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைத்தது. மன்னனின் கையைக் கட்டிய நாடு மன்னன் நினைத்தபடி செய்த நாட்டைவிடத் தலைக்கணக்கில் அதிகமாக வரி வாங்கியது, மலிவாகக் கடனும் வாங்கியது. இந்த வேறுபாடு தமிழ்நாட்டுக் கடற்கரை வரை எட்டியது. தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை 1759இல் ஆங்கிலேயர் வசமிருந்த சென்னையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அவ்வாண்டே சம்பளம் கிடைக்காத வீரர்கள் கலகம் செய்தனர். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. தோல்விக்குக் காரணங்கள் பல, வெறும் கஜானாவும் அவற்றில் ஒன்று. லாலியை விசாரித்து 1766இல் தலை துண்டிக்க வைத்ததோ பதவியை விலைக்கு வாங்கிய நீதிபதிகள் நிறைந்த பாரிஸ் உயர்நீதிமன்றம்.

அத்தகைய நீதிமன்றங்களே சீர்திருத்தத்துக்குக் குறுக்கே நின்றன. அரசாணை செல்ல வேண்டுமானால் அவை அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கு முன் ஆட்சேபம் எழுப்பும் உரிமையை லூயி 1673இல் பறித்தார், 1715இல் அது திரும்பக் கிடைத்தது. 1749இல் எல்லார் வருமானத்திலும் இருபதில் ஒரு பங்கு வரி என்றபோது திருச்சபையும் எதிர்த்து விலக்குப் பெற்றது. 1771இல் அமைச்சர் மோபூ பாரிஸ் நீதிமன்றத்தைக் கலைத்து, பதவியை விலைக்கு வாங்காத, சம்பளம் பெறும் நீதிபதிகளை அமர்த்தினார். இந்த முடியாட்சி தன்னைத் திருத்திக்கொள்ள எடுத்த துணிச்சலான முயற்சி இது. ஆனால் பொதுமக்கள் இதைக் கொடுங்கோன்மை என்றார்கள், நீதிபதிகளை உரிமைக் காவலர்களாகக் கொண்டாடினார்கள். 1774இல் பட்டத்துக்கு வந்த பதினாறாம் லூயி பழைய நீதிமன்றத்தைத் திரும்ப அழைத்தார். நல்ல பெயர் கிடைத்தது. சீர்திருத்த வழி அடைபட்டது.

குறை முடியாட்சி முறையைவிடப் பிரெஞ்சு வழியில்தான் என்று சொல்ல ஆதாரம் உண்டு. டென்மார்க்கில் 1660இல் வந்த வரம்பற்ற ஆட்சி 1665இல் எழுத்துச் சட்டமாகவே வகுக்கப்பட்டது. 1848–49இல் இரத்தம் சிந்தாமல் அரசியலமைப்புக்கு வழிவிட்டது. பிரஷ்யாவில் பிரபுக்கள் படையதிகாரிகளாக உழைத்தே தங்கள் சலுகையை ஈட்டினார்கள்.

அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவிய செலவு பிரான்சின் பழைய கடனோடு சேர்ந்தது. 1788இல் அரசுச் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போயிற்று. நில உடைமையாளர் எல்லாருக்கும் வரி என்று அமைச்சர் கலோன் 1787இல் கூட்டிய பிரமுகர் அவையிடம் கேட்டார், அவர்கள் இணங்கவில்லை. புதிய வரிக்கு இசைவளிக்க நாட்டுப் பிரதிநிதிகளின் அவையான ஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு மட்டுமே உரிமை உண்டென்று நீதிமன்றம் சொன்னது, போதின் சொன்னதுபோலவே. 1614க்குப் பின் கூடாத அந்த அவை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியது. புரட்சி மூண்டது. ஆகஸ்ட் 4 இரவு பதவி விற்பனை ஒழிந்தது. வாங்கியவர்களுக்கு ஈடு கொடுக்கவும் புரட்சி அவை ஒப்புக்கொண்டது. அந்தக் கடனையும் ஏற்றுக்கொண்ட புதிய அரசு, பறிமுதல் செய்த திருச்சபை நிலங்களின் பேரில் அச்சிட்ட 'அசிஞா' தாள்களில் அதைத் தீர்க்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அந்தத் தாள்கள் செல்லாக்காசாயின.