தோல் சீவிய கிழங்கு, நான்கு பேருக்கு

கறியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த உலக உணவுகளைப் பற்றி எழுதப்படும் சமையல் நூல்களுக்கென்று ஒரு குரல் இருக்கிறது. அயர்லாந்தின் ஸ்டூ, இங்கிலாந்தின் ஷெப்பர்ட்ஸ் பை, பிரான்ஸின் அஷி பார்மென்டியே என்று பக்கத்துக்குப் பக்கம் நாடு மாறும், குரல் மாறாது. எளிய மக்களின் உணவு, உழவனின் உணவு, மேய்ப்பனின் உணவு, குளிரில் உழைத்துக் களைத்து வருபவனுக்கு வயிறு நிறைக்கும் உணவு. கொத்துக்கறியின் மேல் மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடும் பிரெஞ்சு உணவுக்கு, 18ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்த மருந்தாளர் பார்மென்டியேயின் பெயர். மசித்தவர்களின் பெயரை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதைகளில் பெண் அறவே வராமலில்லை. அவள் வரும் இரண்டு கதைகளைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்று, பிரான்ஸின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த பெக்கஓஃப. பேக்கரிக்காரரின் அடுப்பு என்பது அந்தச் சொல்லின் பொருள். மாடு, ஆடு, பன்றி மூன்றின் கறியையும் வெள்ளை வைனில் முந்தைய இரவே ஊறப்போட்டு, உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு மண்சட்டியில் அடுக்கி, மூடியின் விளிம்பை மாவால் அடைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாள். பெண்கள் போகிற வழியில் சட்டியை பேக்கரியில் கொடுத்துவிட்டுப் போவார்களாம், திரும்பும்போது வெந்திருக்குமாம். மற்றது இங்கிலாந்தின் லங்காஷயர் ஹாட்பாட். ஆட்டுக்கறிக்கும் வெங்காயத்துக்கும் மேல் வட்டமாக நறுக்கிய கிழங்கை ஓடு வேய்வதுபோல் அடுக்கி, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவிடுவது. பருத்தி ஆலைக்குப் போன பெண்கள் காலையில் வைத்துவிட்டுப் போனதாகக் கதை.

இரண்டையும் சொல்பவர்கள் தவறாமல் ஒரு வியப்பைச் சேர்க்கிறார்கள்: தானாகவே வெந்துவிடும் உணவு! எனக்கு இந்தத் ‘தானாகவே’தான் உறுத்துகிறது. துணி வெளுக்கும் நேரத்தையும் ஆலைச் சங்கு ஒலிக்கும் நேரத்தையும் அளந்து, எந்தக் கறி அதுவரை தாங்கும், கிழங்கு குழையாமல் இருக்க எவ்வளவு கனமாக நறுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது ஒரு மூளை. அந்தக் கணக்கைப் பானையின் குணமாக மாற்றிவிடுகிறது கதை. மிச்சப்பட்ட நேரத்தில் அவள் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவுமில்லை. இன்னொரு வேலைக்குத்தான் போனாள்.

குறிப்புகளின் மொழியும் இதற்கு ஒத்துழைக்கிறது. ‘தோல் சீவிய உருளைக்கிழங்கு ஒரு கிலோ’ என்று தேவையான பொருட்களின் பட்டியலில் எழுதுகிறோம், தமிழிலும்தான். ‘சீவிய’ என்ற பெயரெச்சத்துக்குப் பின்னால் சீவியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு சந்தையிலிருந்தே தோலில்லாமல் வந்து இறங்கியதுபோல் செய்முறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. சீவிய நேரம் எந்தக் குறிப்பின் கணக்கிலும் உண்மையில் சேர்வதில்லை.

உருளைக்கிழங்கின் தாய்நிலமான ஆண்டீஸ் மலைப்பகுதியில் இந்த வேலைக்கு நினைவு இருக்கிறது. பெருவில் முடிச்சு முடிச்சாகப் புடைத்த ஒரு கிழங்கு வகைக்குக் கெச்சுவா மொழியில் வைத்திருக்கும் பெயரின் பொருள், ‘மருமகளை அழவைப்பது’. வரப்போகும் மருமகள் சதை வீணாகாமல் அதைச் சீவிக் காட்ட வேண்டும் என்பது மாமியார் வைக்கும் சோதனையாம். சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய செய்திதான். ஆனால் அதே மலையில் பச்சமங்க என்ற விருந்தும் உண்டு. குழி தோண்டி, காய்ச்சிய கற்களுக்கு நடுவே கறியையும் கிழங்கையும் புதைத்து வேகவைப்பார்கள். கிழங்கு தோலோடு போகிறது, தின்பவர் தன் கையால் உரித்துத் தின்கிறார். ஆகவே யாராவது ஒருத்தி உட்கார்ந்து எல்லோருக்கும் சீவித்தான் தீர வேண்டும் என்று கிழங்கு கேட்கவில்லை.

சீவுவதை முழுதாகக் காட்டிய ஒரு படைப்பைத் தேடினால் நான் சினிமாவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பெல்ஜிய இயக்குநர் ஷான்தால் அகெர்மன் 1975இல், தன் 25ஆவது வயதில் வெளியிட்ட படம், ‘ழான் டியெல்மன், 23 கே து கொமேர்ஸ், 1080 பிரஸ்ஸல்ஸ்’. 201 நிமிடங்கள். ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்த். படக்குழுவில் பெரும்பாலும் பெண்கள். 2022இல் சைட் அண்ட் சவுண்ட் இதழின் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது, 1952 முதல் நடந்துவரும் அந்த வாக்கெடுப்பில் ஒரு பெண் இயக்கிய படம் அங்கே வந்தது அதுவே முதல்முறை. டெல்ஃபின் செரிக் நடித்த ழான், பதின்ம வயது மகனோடு வாழும் விதவை. மூன்று நாள் அவர் வீட்டில் இருக்கிறோம். கேமரா அசைவதே இல்லை.

பிற்பகலில் ஒருவர் என்று ஆண்கள் பணம் கொடுத்து அவரிடம் வருகிறார்கள். அழைப்புமணி ஒலிக்கும் முன் ழான் கிழங்குப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடுகிறார். ஆள் போகும்போது கிழங்கு வெந்திருக்கும். பணம் சாப்பாட்டு மேசையின் சூப் பாத்திரத்துக்குள் போகும். அல்சாஸ் பெண்ணுக்குத் துணி, லங்காஷயர் பெண்ணுக்கு ஆலை, ழானுக்குப் படுக்கையறை. தானாக வேகும் கிழங்கின் கதையை அகெர்மன் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காட்டுகிறார்.

இரண்டாம் நாள் கணக்கு தவறுகிறது. கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் ழான் வீட்டுக்குள் அலைகிறார். ஒரு பெண் பாத்திரத்தோடு நடப்பதைவிடப் பதற்றமான காட்சியை நான் எந்தத் திகில் படத்திலும் பார்த்ததில்லை. கடைக்குப் போய்ப் புதிதாகக் கிழங்கு வாங்கிவந்து, மேசை முன் உட்கார்ந்து சீவத் தொடங்குகிறார். நாம் ஒவ்வொரு கிழங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கத்தி வேகமெடுக்கிறது, தடுமாறுகிறது, நிற்கிறது. அந்தப் பெயரெச்சத்துக்குள் இருந்த முகம் இதுதான். மூன்றாம் நாள் கொத்துக்கறியைப் பிசைகிறார், தேவைக்கு மேல், நிறுத்தத் தெரியாதவர்போல. இந்தப் படத்தை ‘மெதுவான படம்’ என்று சலித்துக்கொள்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: இரவுச் சாப்பாடு எத்தனை நிமிடத்தில் தயாராகிறது என்று நினைத்திருந்தீர்கள்? இறுதியில் நடக்கும் கொலையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், எனக்குக் கிழங்கே போதும்.

படம் நமக்குக் குறிப்பின் முன்பகுதியைத் தருகிறது. பின்பகுதி, அதாவது பரிமாறுவது, இன்னும் இருக்கிறது. ‘நான்கு பேருக்கு’ என்று குறிப்பு முடியும். நான்கு பேரும் ஒரே அளவு தின்பார்கள் என்று அதற்கு நம்பிக்கை.

1909 முதல் 1913 வரை ஃபேபியன் பெண்கள் குழுவினர் லண்டனின் லாம்பெத் பகுதியில் தொழிலாளர் வீடுகளுக்கு வாரந்தோறும் போனார்கள். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு வருமானம் உள்ள வீடுகள். மனைவிமார் எழுதிவைத்த செலவுக் கணக்கையும் சாப்பாட்டு விவரத்தையும் கொண்டு மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913இல் ஒரு நூல் எழுதினார். அடுக்களையைப் பற்றி நான் வாசித்தவற்றில் இதைப்போல் நேர்மையான நூல் அரிது, ஒரு செய்முறைகூட இல்லாமலே. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கறித்துண்டில் மிஞ்சியது அடுத்துவரும் நாட்களில் கணவனுக்குப் போகிறது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உருளைக்கிழங்கும், அதன் மேல் ஊற்றிய கறிச்சாறும். அவன் தட்டைக் குறைத்தால் அவனால் வேலைக்குப் போக முடியாது, வீட்டுக்குக் கூலி வராது என்று மனைவிக்குத் தெரியும். அதனால் அவளே தன் தட்டைக் குறைத்துக்கொள்கிறாள். ரீவ்ஸ் கணவர்களைத் திட்டவில்லை, கூலியைத்தான் சுட்டுகிறார். எனக்கு அந்த அளவு பெருந்தன்மை இல்லை. கூலி குறைவு என்பது சரி. குறைவு எப்போதும் ஒரே தட்டில் வந்து விழுவதற்குக் கூலி மட்டும் காரணமாக முடியாது.

‘கறியும் கிழங்கும்’ என்று நூல்கள் ஒரே மூச்சில் சொல்லும் உணவு, லாம்பெத்தில் இரண்டு உணவாக இருந்தது. கறி ஒருவருக்கு, கிழங்கு மற்றவர்களுக்கு. அந்தக் கிழங்கையும் சீவியவள் அவளேதான்.