நடனத் தளத்தில் பிறந்த நவீனம்

ஜாஸ் பற்றிப் பேசுபவர்களிடையே ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. ஸ்விங் என்பது ஜோடிகள் ஆடுவதற்காக வாசிக்கப்பட்ட வணிக இசை. 1945இல் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப் கொண்டு அதைத் தகர்த்த பிறகே ஜாஸ் கலையாயிற்று என்பது அது. முரகாமியின் நாவல்கள் வழியாகவோ, பார்க்கரை மனதில் வைத்து கொர்த்தஸார் எழுதிய கதை வழியாகவோ ஜாஸுக்கு வந்து சேரும் வாசகர், மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் (1959) தொடங்கி, கோல்ட்ரேனுக்குப் போய், அங்கேயே தங்கிவிடுகிறார். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்க அவருக்கு யாரும் காரணம் சொல்வதில்லை. இந்த வாய்பாடு தவறு என்பதோடு, ஜாஸின் மிகச் சிறந்த காலகட்டத்தையே நம் காதிலிருந்து மறைக்கிறது என்பதும் என் துணிபு.

தொடக்க வரலாறு தெரிந்ததுதான். நியூ ஆர்லியன்ஸ், கிங் ஆலிவர், 1925 முதல் 1928 வரை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பதிவுசெய்த ஹாட் ஃபைவ், ஹாட் செவன் இசைத்தட்டுகள். இங்கே நமக்கு வேண்டியது 1924இல் அவர் நியூயார்க் வந்து ஃப்ளெட்சர் ஹெண்டர்ஸன் குழுவில் சேர்ந்தது மட்டும். விறைப்பாக வாசித்துப் பழகியிருந்த அந்தக் குழு, அவர் தாளத்தோடு இழைந்தும் இழுத்தும் வாசிப்பதைக் கேட்டுத் தன் நடையை மாற்றிக்கொண்டது. டான் ரெட்மன் அந்த நடையை ஒருபுறம் டிரம்பெட், டிராம்போன்களுக்கும் மறுபுறம் சாக்ஸபோன், கிளாரினெட்களுக்கும் பிரித்து, கேள்வியும் பதிலுமாக எழுதினார். பெரிய குழு ஸ்விங்கின் இலக்கணம் அங்கே அமைந்தது. அதன் புகழ் பென்னி குட்மனுக்குப் போயிற்று. 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் பலோமர் அரங்கில் இளைஞர் கூட்டம் கொண்டாடியது பெரும்பாலும் ஹெண்டர்ஸன் எழுதிக் கொடுத்ததைத்தான். குட்மன் தேர்ந்த கலைஞர்; கறுப்பினக் கலைஞர்களான டெடி வில்ஸனையும் லயனல் ஹாம்ப்டனையும் மேடையில் தன் அருகே அமர்த்திய துணிவும் அவருக்கு இருந்தது. ஆனாலும் ‘ஸ்விங்கின் அரசர்’ என்ற பட்டம் அநியாயமானது. கிளென் மில்லரின் வழவழப்பைக் கேட்டுவிட்டு அதுதான் ஸ்விங் என்று முடிவுகட்டுபவர்கள் இன்னும் பெரிய அநியாயத்தைச் செய்கிறார்கள்.

ஸ்விங்கைக் கேட்க வேண்டிய இடம் ஹார்லமின் சவாய் நடன அரங்கு. 1926இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். இரண்டு மேடைகள், ஒரு குழு ஓய்ந்தால் மற்றொன்று தொடங்கும். 1937 மே 11 அன்று குட்மன் குழு அங்கே சிக் வெப் குழுவோடு போட்டிக்கு இறங்கியது. முதுகெலும்பில் வந்த காசநோயால் கூன் விழுந்து, குள்ளமாகவே நின்றுவிட்ட வெப், டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்து நாடெங்கும் புகழ்பெற்ற அந்தக் குழுவைத் தோற்கடித்தார். தீர்ப்பு சொன்னவர்கள் ஆடிக்கொண்டிருந்த மக்கள். காலப்பிரமாணம் இம்மியளவு தளர்ந்தாலும் அவர்கள் கால் அதைக் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட கேட்பாளர் முன் வாசிப்பதை மலினமான வேலை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் என் மனம் தங்குவது கான்சஸ் சிட்டியில். டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் புள்ளியின் பிடியில் இருந்த நகரம், ஊழல் மலிந்தது, பெருமந்தக் காலத்திலும் மது விடுதிகள் விடியவிடியத் திறந்திருந்தன. அதனால் இசைக்கலைஞர்களுக்கு வேலை இருந்தது, வேலை முடிந்தபின் சேர்ந்து வாசிக்க இரவும் மிச்சமிருந்தது. 1935இல் பென்னி மோட்டன் இறந்தபின், அவரிடம் பியானோ வாசித்த கவுண்ட் பேஸி அந்தக் குழுவினர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ரெனோ கிளப்பில் வாசித்தார். தாளில் எழுதியது குறைவு. ஒருவர் ஒரு சிறு சொற்கட்டை, அவர்கள் மொழியில் ரிஃப்பை, எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள், அதன்மேல் தனி வாசிப்பு எழும்.

அந்தக் குழுவின் தாளப் பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை டிரம்ஸ் கலைஞர்கள் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மில்தான் தாளத்தை நிறுத்தினார்கள். ஜோ ஜோன்ஸ் அதை ஹை-ஹாட் தட்டுகளுக்கு மாற்றினார். கனமாக இறங்கிக்கொண்டிருந்த அடி, காற்றில் ஓடும் கோடாயிற்று. வால்டர் பேஜின் டபுள் பாஸ் நான்கு அடியையும் சமமாக நடந்து கடந்தது. 1937இல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரை ஒவ்வோர் அடிக்கும் மெல்ல உரசி, ஏறக்குறைய தனி வாசிப்பே இல்லாமல், 1987இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இந்த மூவரும் தாளத்தைத் தாங்கிக்கொண்டதால் பேஸியின் இடக்கை விடுபட்டது. அவர் குறைவாக வாசித்தார்; மிகக் குறைவாக.

‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ (1937) ஏறக்குறைய மூன்று நிமிடம். பன்னிரண்டு பார் ப்ளூஸ். பேஸி பியானோவில் தொடங்கி, ஸ்ருதியை மாற்றிக் கொடுத்துவிட்டு விலகுகிறார். முதலில் ஹெர்ஷல் எவன்ஸின் டெனர் சாக்ஸபோன், அகன்ற தடித்த குரலில். டிராம்போனுக்குப் பிறகு அதே கருவி லெஸ்டர் யங்கின் வாயில்: மெலிந்து, நெளிந்து, தாளத்தின்மேல் சாய்ந்தபடி போகிறது. ஒரே கருவிக்கு இரண்டு மனோதர்மங்கள். பிறகு பேஸி தாளப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டிரண்டு ஸ்வரங்களாக உதிர்க்கிறார். கடைசியில் முழுக் குழுவும் ரிஃப்களை அடுக்கி முடிக்கிறது. இதில் நீக்கக்கூடிய ஓர் ஒலிகூட இல்லை.

பீபாப் இதை உடைத்தது என்கிறார்கள். பார்க்கர் வளர்ந்ததே கான்சஸ் சிட்டியில். பதின்பருவத்தில் ரெனோ கிளப்பைச் சுற்றித் திரிந்து லெஸ்டர் யங்கைக் கேட்டவர். 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் வேலைக்குப் போனபோது அவரது இசைத்தட்டுகளை வைத்து ஒவ்வொரு சொற்கட்டாகப் பாடம் செய்தவர். பீபாபின் டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க் தாளத்தை ரைடு சிம்பலுக்குக் கொண்டுபோனதும் ஜோ ஜோன்ஸ் தொடங்கிவைத்த பயணத்தின் அடுத்த படிதான்.

பெரிய குழுக்கள் சரிந்ததற்கான காரணங்கள் இசைக்கு வெளியே இருந்தன. கலைஞர்களைப் போர் படைக்கு இழுத்தது. பெட்ரோலும் டயரும் பங்கீட்டுக்கு வந்ததால் குழுக்கள் ஊர் ஊராகப் போவது கடினமாயிற்று. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்களில் அது 1944 நவம்பர் வரை நீண்டது. 1944இல் நடனமோ பாட்டோ உள்ள விடுதிகள்மேல் மத்திய அரசு 30 விழுக்காடு வரி போட்டது; சில மாதத்தில் 20 ஆகக் குறைத்தாலும் அது நெடுங்காலம் நீடித்தது. ஆட்டமும் பாட்டும் இல்லாமல் கருவியிசை மட்டும் வாசித்தால் வரி இல்லை. விடுதிக்காரர்கள் தளத்தை மூடி நாற்காலி போட்டார்கள். இந்த நிர்ப்பந்தத்துக்குத்தான் விமர்சகர்கள் பின்னாளில் ‘கேளிக்கையிலிருந்து கலைக்கு’ என்று பெயர் சூட்டினார்கள்.

வாய்பாட்டைத் தன் வாழ்க்கையாலேயே மறுத்தவர் மேரி லூ வில்லியம்ஸ். ஜாஸ் வரலாறுகளில் ‘பெண் பியானோக் கலைஞர்’ என்ற ஒரு பத்திக்குள் அவரை அடைத்துவிடுகிறார்கள். 1910இல் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். கான்சஸ் சிட்டியில் ஆண்டி கர்க் குழுவின் பியானோவும் மூளையும் அவர்தான். குட்மனுக்கு ‘ரோல் எம்’ எழுதிக் கொடுத்தார். கர்க் குழுவுக்காக அவர் எழுதிய ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’ (1936) உருப்படியில் வரும் ஒரு சொற்கட்டுதான், இருபது ஆண்டுகள் கழித்துத் தெலோனியஸ் மாங்க்கின் ‘ரிதமனிங்’காக ஒலித்தது. நவீனத்தின் உச்சம் என்று நாம் கொண்டாடும் மாங்க், நடனக் குழுவின் தாளிலிருந்து எடுத்துக்கொண்டது அது. நாற்பதுகளில் ஹார்லமில் இருந்த மேரி லூவின் வீட்டில்தான் மாங்க், பட் பவல், கில்லெஸ்பி எல்லாம் கூடி வாசித்தார்கள். அவரோ 1945இல் பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வொன்றாக ‘ஸோடியாக் சூட்’ எழுதினார். பிற்பாடு கத்தோலிக்கராகித் திருப்பலி இசையும் எழுதினார். 1977 ஏப்ரலில் கார்னகி ஹாலில் கட்டற்ற ஜாஸின் முரடர் செசில் டெய்லரோடு வாசித்தார். டெய்லரின் வெள்ளத்தில் அவரது ப்ளூஸ் பல இடங்களில் முங்கிப்போனாலும் அடியை அவர் விடவில்லை. மறு ஆண்டு ஜனவரியில் அதே அரங்கில் குட்மனோடு வாசித்தார். இரண்டும் ஒரே இசை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பீபாபுக்குப் பின் வந்தவற்றில் மூளை வியர்க்கும், உடல் உறங்கும் தட்டுகள் ஏராளம். அவற்றைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. விதிவிலக்குகள்தாம் முக்கியம். 1956இல் நியூபோர்ட்டில் டியூக் எலிங்டன் குழுவின் பால் கொன்சால்வெஸ் ஒரே மூச்சாக 27 சுற்று ப்ளூஸ் வாசித்தபோது, நாற்காலிக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். உருப்படி 1937இல் எழுதியது. நம் காலத்தில் ஜேஸன் மோரன் ஃபேட்ஸ் வாலரின் பாடல்களை நடன விருந்தாகவே நடத்தி, 2014இல் தட்டாகவும் தந்தார். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன் விஜய் ஐயர், 1998இல் பெர்க்லியில் அளித்த முனைவர் ஆய்வில், கறுப்பின இசையின் நுண்ணிய காலப் பிசகுகளை உடலின் அசைவோடு சேர்த்தே விளக்கினார். அவர் பியானோவில் எவ்வளவு சிக்கலான கணக்கு ஓடினாலும் அடியில் நடை கேட்கிறது. ஆரன் டீல் 2023இல் ‘ஸோடியாக் சூட்’டை இசைக்குழுவோடு முழுமையாகப் பதிவுசெய்து, மேரி லூவுக்குப் பட்ட கடனில் கொஞ்சம் தீர்த்திருக்கிறார். இந்தத் திசையில்தான் ஜாஸ் போக வேண்டும்.

புதிதாக ஜாஸ் கேட்க வருபவர்களுக்கு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைக் கையில் கொடுப்பதை நிறுத்துவோம். 1936 நவம்பரில் சிகாகோவில் லெஸ்டர் யங் முதன்முறையாகப் பதிவுசெய்த ‘ஷூ ஷைன் பாய்’, ‘லேடி பி குட்’ இரண்டையும் கொடுங்கள். அடுத்து பேஸி, அடுத்து மேரி லூ. மைல்ஸ் டேவிஸுக்கு அதன்பிறகு வரட்டும்.