குவியலை அளந்தவனின் எழுத்து

மனிதன் முதலில் வேட்டையாடினான், பின்பு பயிர் செய்தான், விளைச்சல் மிஞ்சியது, மிஞ்சியதால் நகரம் எழுந்தது, நகரத்தோடு அரசனும் எழுத்தும் நாகரிகமும் வந்து சேர்ந்தன. வரலாற்றுப் பாடம் படித்த எந்தப் பிள்ளையும் தடையின்றி ஒப்புவிக்கும் படிக்கட்டு இது. 1936ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் தொல்லியலாளர் கோர்டன் சைல்ட், பயிர்ச்செய்கையின் தோற்றத்தையும் நகரங்களின் தோற்றத்தையும் இரு பெரும் புரட்சிகளாக விளக்கினார். அவருடைய நுணுக்கங்கள் கைவிடப்பட்டு, படிக்கட்டு மாத்திரம் பாடநூல்களில் தங்கிவிட்டது.

இந்தப் படிக்கட்டை அசைத்துப் பார்க்கும் நூல்களில் முக்கியமானது, ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து 2024இல் காலமான ஜேம்ஸ் ஸ்கொட் 2017இல் வெளியிட்ட நூலாகும். 'தானியத்திற்கு எதிராக' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். ஆங்கிலத்தில் அத்தொடருக்கு 'வழமைக்கு மாறாக' என்ற பொருளும் உண்டு. இரண்டு பொருளும் நூலுக்குப் பொருந்துகின்றன.

ஸ்கொட்டின் கேள்வி எளிமையானது. மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும் பயிராக்கப்பட்டது ஏறத்தாழ கி.மு. 8500 அளவில். யூப்பிரதிஸ் நதியோரத்தில் உரூக் என்ற நகரம் வரியும் மதிலும் அதிகாரிகளும் கொண்ட அரசாக உருவெடுத்ததோ கி.மு. 3300 அளவில். விவசாயம் செய்தால் அரசு தானாக வந்துவிடும் என்றால் இடையில் கழிந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு என்ன விளக்கம்? இன்றைய துருக்கியிலுள்ள சத்தால்ஹோயுக்கில் கி.மு. 7100 முதல் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்தார்கள், பயிரும் செய்தார்கள். அங்கே அரண்மனை இருந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. ஆகவே, பயிர் செய்ததும் ஆளப்பட்டதும் ஒன்றல்ல.

ஸ்கொட் தரும் விடை தானியத்தின் இயல்பிலேயே இருக்கிறது. தானியம் நிலத்துக்கு மேலே விளைகிறது. ஏறக்குறைய ஒரே காலத்தில் முற்றுகிறது. அளக்கலாம், பங்கிடலாம், ஏற்றிச் செல்லலாம், ஆண்டுக்கணக்கில் சேமிக்கலாம். வயலோடு வாழும் நமது ஊர் வாசகருக்கு இதனை விரித்துச் சொல்லத் தேவையில்லை. சூடடித்துக் குவித்த நெல்லை ஒளிப்பது கடினம். மரவள்ளியோ மண்ணுக்குள் கிடக்கும். வேண்டும்போது கிழங்கைப் பிடுங்கலாம். பிடுங்கிய பின் விரைவில் பழுதாகிவிடும். வரி அறவிட வருபவன் ஒவ்வொரு கிழங்காகத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். விளைச்சல் மிகுந்ததால் மாத்திரம் அரசு பிறக்கவில்லை, விளைச்சலைப் பறிக்க முடிந்ததால் பிறந்தது என்பதே சாரம். 2022இல் மேஷர், மோவ், பஸ்காலி ஆகிய பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும், தானியத்தையும் கிழங்கையும் ஒப்பிட்டு இதே முடிவுக்கு வந்தது.

இதற்கான சான்று உரூக்கில் கிடைத்த களிமண் பலகைகளில் உள்ளது. உலகின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றான அதில் கவிதையோ பிரார்த்தனையோ கிடையாது. பெரும்பாலானவை பார்லி, ஆடு, பியர், கூலியாள் பற்றிய கணக்குகள். எஞ்சியவை எழுதப் பழகுவோருக்கான சொற்பட்டியல்கள். பெருந்தொகைப் பார்லிக் கணக்குகளில் 'குஷிம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 'பெண்', 'மலை' ஆகிய இரு குறிகளையும் சேர்த்து எழுதினால் 'அடிமைப் பெண்' என்று பொருள். மலைநாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவள் எழுத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். இலக்கியம் என்று சொல்லத்தக்கவை களிமண்ணில் ஏறுவதற்கு மேலும் ஐந்நூறு ஆண்டுகள் சென்றன.

அரசின் தோற்றத்துக்கு நீரைக் காரணம் காட்டியவர்களும் உண்டு. பெரிய நீர்ப்பாசன வேலைகளை நடத்த மத்திய அதிகாரம் அவசியம், அதுவே கொடுங்கோன்மைக்கு வித்து என்று 1957இல் கார்ல் விற்போகல் வாதித்தார். இதற்கு மறுப்பு நமது நாட்டின் குளங்களை வைத்தே எழுதப்பட்டது. நுவரகலாவியவில் புல் எலிய கிராமத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் எட்மண்ட் லீச், 1959இல் எழுதிய கட்டுரையில், பெருங்குளங்கள் பல நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாக வளர்ந்தவை என்றும், கிராமக் குளங்களைக் கிராமத்தவரே பராமரித்தனர் என்றும் எடுத்துக்காட்டினார். நீரைப் பகிர அரசன் கட்டாயமில்லை. விளைந்ததை அள்ளவே அவன் வேண்டியிருந்தான். இவ்விடத்தில் லீச்சும் ஸ்கொட்டும் ஒருவரையொருவர் பலப்படுத்துகின்றனர்.

இப்பார்வை முற்றிலும் புதியதன்று. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், ஏரைப் பிடித்தவன் வரிக்கு ஆளாகிறான், வரிக்கு ஆளானவன் பணிந்து போகிறான் என்ற கருத்தை விரித்துரைத்தார். ஆட்சி தொடங்கும்போது குறைந்த வரியால் நிறைந்த வருமானமும், முடியும்போது கூடிய வரியால் குறைந்த வருமானமும் கிட்டும் என்றும் கண்டார். ஸ்கொட் தமது 2009ஆம் ஆண்டு நூலில் இவரிடம் பெற்ற கடனை மறைக்கவில்லை.

எனினும் இந்நூலை அப்படியே ஏற்க முடியவில்லை. முதலாவது, தானியம் இன்றியும் அரசு எழுந்திருக்கிறது. 1778இல் குக் என்ற கடலோடி ஹவாய்த் தீவுகளை அடைந்தபோது அங்கே குடிகளிடம் திறை பெற்று ஆண்ட மன்னர்கள் இருந்தார்கள். அவர்களது உணவு சேம்பும் வற்றாளையும். அவை அரசுகளே என்று தொல்லியலாளர் பற்றிக் கேர்ச் வாதித்துள்ளார். அந்தீஸ் மலைகளின் இன்காக்கள் சோளத்தோடு, பனியில் உறையவிட்டு உலர்த்திய உருளைக்கிழங்கையும் களஞ்சியங்களில் அடுக்கினார்கள். ஆகவே தானியம் அரசுக்கு வசதியான வழி, ஒரே வழியன்று. பறிக்கத் தீர்மானித்தவன் கிழங்கையும் பறிப்பான்.

இரண்டாவது குறை இதனிலும் பெரியது. ஸ்கொட்டின் ஆதி விவசாயிக்கு இரண்டே வழிகள்: அடங்கியிருத்தல் அல்லது ஓடிப்போதல். மதில்கள் பகைவரைத் தடுக்க மாத்திரமல்ல, குடிகள் ஓடாதிருக்கவும் கட்டப்பட்டன என்கிறார். ஆனால் இருந்த இடத்தில் இருந்துகொண்டே முறையிட்டவனை அவர் கவனிக்கவில்லை. கி.மு. 2350 அளவில் லகாஷ் நகரை ஆண்ட உருயினிம்கினா என்ற மன்னனின் சாசனம் கிடைத்திருக்கிறது. படகோட்டியின் படகையும் மீனவனின் மீன்பிடி இடத்தையும் அதிகாரிகள் தமதாக்கியதையும், தான் அவர்களை அகற்றியதையும் அது கூறுகிறது. விடுதலையைக் குறிக்கும் சுமேரியச் சொல்லும் அதில் உண்டு; அதன் நேர்ப்பொருள் 'தாயிடம் திரும்புதல்'. அது மன்னன் தன்னைத்தானே புகழ்ந்து எழுதுவித்தது என்பது உண்மையே. ஆனாலும், தன் புகழைச் சொல்வதற்கு அவன் குடிகளின் குறையைச் சொல்லவேண்டி வந்தது. குவியலை அளக்கப் பிறந்த எழுத்து, அளந்தவன் செய்த அநியாயத்தையும் தாங்கிவிட்டது.

இதை ஸ்கொட் அறியாதவர் அல்லர் என்பதுதான் வியப்பு. 1985இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற நூல், மலேசியாவின் கெடா மாநிலத்து நெற்கிராமம் ஒன்றில் 1978 முதல் 1980 வரை தங்கியிருந்து எழுதப்பட்டது. அரச அலுவலர் நெல்லாக அறவிட்ட ஸகாத்தை அக்கிராமத்து முஸ்லிம் விவசாயிகள் எதிர்த்துக் கூட்டம் போடவில்லை. நிலத்தைக் குறைத்துக் காட்டினார்கள், பதர் கலந்தார்கள். அதேவேளை ஊர் ஏழைக்கும் மார்க்க ஆசிரியருக்கும் தம் கையால் கொடுப்பதை நிறுத்தவில்லை. கடமையை அவர்கள் மறுக்கவில்லை. அளக்க வந்தவனைத்தான் நம்பவில்லை. அந்த முணுமுணுப்பை அத்தனை பொறுமையாகக் கேட்ட காதுகள், சுமேரிய விவசாயியிடம் வந்தபோது ஏன் மூடிக்கொண்டன? சான்றுகள் அரசின் ஏடுகளாகவே இருப்பது ஒரு காரணம். எழுத்தை அரசின் கருவியாக மாத்திரம் பார்த்தது மற்றொரு காரணம்.

எழுத்தறிவிப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கும் எழுதுவதை வாழ்வாகக் கொண்டவருக்கும் இது வெறும் தொல்லியல் விவகாரம் அன்று. எழுத்தின் முதல் எசமான் வரிக்கணக்கன் என்பதை ஸ்கொட்டிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும். நாகரிகத்தின் பரிசாக எழுத்தைப் போற்றும் பாடத்தில் அடிமைப் பெண்ணைக் குறித்த அந்த இரட்டைக் குறியும் இடம்பெற வேண்டும். அத்தோடு, லகாஷ் மீனவனின் குறையும் அதே எழுத்தில்தான் நம்மை வந்தடைந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதற் செய்தியைச் சொல்லும் இந்நூல் இரண்டாவதைச் சொல்லாமல் விட்டது. அதைச் சேர்த்துப் படிப்பது வாசகரின் பொறுப்பு.