ரேடியோ நெல்லும் பத்து மார்க் கேள்வியும்

செவ்வாய்க்கிழமை ராத்திரி அக்கா பொண்ணு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். பி.ஏ. இதழியல், இரண்டாம் ஆண்டு. ஜனவரியில் நாலாவது செமஸ்டர் தொடங்குகிறது. அதற்கான விருப்பப் பாடத்தைக் கல்லூரி போர்ட்டலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள் பதிய வேண்டும். பட்டியலில் மூன்று பாடங்கள்: விளம்பரவியல், டிஜிட்டல் மார்க்கெட்டிங், வளர்ச்சித் தொடர்பியல். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 15 பேருக்குக் குறைவாகச் சேரும் பாடம் நடத்தப்படாது.

"எதை எடுக்கட்டும் மாமா? மூணாவதுல ஸ்கோப் இல்லன்னு சீனியர்ஸ் சொல்றாங்க."

"சிலபஸ் அனுப்பும்மா, பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாடத்திட்டத்தைப் புத்தகம் மாதிரி உட்கார்ந்து படிப்பேன். பெயர் போடாவிட்டாலும் அதற்கும் ஒரு ஆசிரியர் இருக்கிறார். எங்கே ஆரம்பிக்கிறார், யாரை உள்ளே விடுகிறார், யாரை வாசலிலேயே நிறுத்துகிறார் என்று பார்த்தால் போதும், முழுக் கதையும் தெரிந்துவிடும். அவள் அனுப்பிய வளர்ச்சித் தொடர்பியல் பாடத்திட்டம் நாலு பக்கம். அந்த நாலு பக்கத்துக்கான விமர்சனம்தான் இந்தப் பதிவு. எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. என் கணினியில் சேர்ந்து கிடக்கும் மற்ற பாடத்திட்டங்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

முதல் அலகு, தொடர்பியல் மாதிரிகள்: லாஸ்வெல், ஷானன்–வீவர், ஷ்ராம். இரண்டாவது, வளர்ச்சிக் கோட்பாடுகள்: லேர்னர், ரோஜர்ஸ். மூன்றாவது, இந்திய அனுபவங்கள். நான்காவது, நாட்டார் ஊடகங்கள். ஐந்தாவது, பிரச்சாரம் வடிவமைத்தல். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிக்கலே அந்த ஒழுங்கில்தான் ஒளிந்திருக்கிறது.

கிளாட் ஷானன் பெல் ஆய்வகத்துப் பொறியாளர். 1948-ல் அவர் எழுதிய கட்டுரையின் கேள்வி, ஒரு கம்பி வழியாக எவ்வளவு சமிக்ஞையைப் பிழையில்லாமல் அனுப்பலாம் என்பது. செய்தியின் அர்த்தம் பொறியியல் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாதது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தன் கோட்பாட்டை எல்லாத் துறைக்காரர்களும் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, 1956-ல் நிதானமாக இருக்கச் சொல்லி ஒரு சின்னக் குறிப்பும் எழுதினார். நம்ம வகுப்பறையில் அந்தப் படம் மனிதப் பேச்சின் படமாகக் கரும்பலகையில் ஏறுகிறது. அனுப்புநர், வாய்க்கால், இரைச்சல், பெறுநர். அம்புக்குறி இடமிருந்து வலம்.

லாஸ்வெல் முதல் உலகப் போரின் பிரச்சார உத்திகளை ஆராய்ந்தவர். அந்தப் புத்தகம் வந்தது 1927-ல். யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்ற அவருடைய புகழ்பெற்ற கேள்வி வரிசை 1948-ல் வந்தது. டேனியல் லேர்னரின் 1958-ஆம் ஆண்டுப் புத்தகம், மத்தியக் கிழக்கு நாடுகளில் யார் எந்த ரேடியோவைக் கேட்கிறார்கள் என்று அறிய எடுத்த கணக்கெடுப்புகளின் மேல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் குரல் வானொலிக்குத் தேவைப்பட்ட தகவல் அது.

இவர்கள் எல்லாரும் பெரிய ஆட்கள்தான். படிக்க வேண்டியவர்களும்தான். ஆனால் மூன்று பேருடைய கேள்வியும் அனுப்புகிறவரின் கேள்வி: நான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பாடத்திட்டம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. வானத்திலிருந்து இறங்கிய இலக்கணம் மாதிரி ஐந்து மதிப்பெண் கேள்வியாக வைத்துவிடுகிறது.

இதை வெளியே நின்று சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு முன் இதே பேப்பரை நானும் படித்தேன். லேர்னர் புத்தகத்தின் தொடக்கத்தில் பால்காட் என்றொரு கிராமம் வரும், துருக்கியின் தலைநகர் அங்காராவுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு ஊர்த்தலைவர். தலைவர் இருப்பதே போதும் என்கிற ஆள். மளிகைக்கடைக்காரருக்கு ஊருக்கு வெளியே இருக்கும் உலகத்தின் மேல் ஆசை. தன்னை வேறொருவராக நினைத்துப் பார்க்கத் தெரிந்த அந்த மனசிலிருந்துதான் நவீனம் தொடங்குகிறது என்பது லேர்னரின் வாதம். செமஸ்டர் தேர்வில் 10 மார்க்குக்கு அந்தக் கடைக்காரரைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். நல்ல மார்க்கும் வந்தது.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். அம்மாவின் அப்பா விவசாயி. குறுவை பற்றிப் பேச்செடுத்தால் தாத்தா 'ரேடியோ நெல்லு' என்று ஒன்றைச் சொல்வார். கிழவர் ஏதோ தமாஷுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அப்புறம் வானொலி வரலாறு படிக்கும்போதுதான் தெரிந்தது, அது ஏடிடி-27. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ரகம். அறுபதுகளின் நடுவில் வந்த குறுகிய காலப் பயிர். ஜப்பானிய நெல்லான நோரின் 10-ஐயும் நம்ம ஊர் ஜிஇபி 24-ஐயும் ஒட்டி எடுத்தது. திருச்சி வானொலி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சிகள் வழியாகத் தஞ்சாவூர் மாவட்டம் முழுக்க அந்த ரகம் பரவியதால், விவசாயிகளே அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். விதைக்கு ஊடகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்! தொடர்பியல் மாணவனுக்கு இதைவிடப் பெரிய புதையல் எங்கே கிடைக்கும்?

பால்காட் மளிகைக்கடைக்காரர் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்த கேள்வி எனக்குத் தெரியவில்லை. இது என் சோம்பேறித்தனமும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருஷப் படிப்பில் ஒரு தடவைகூட, உங்க ஊர்ல ரேடியோவை யார் கேட்டாங்க என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பிற்பாடு அம்மாவிடம் கேட்டேன். அப்போது அவளுக்குப் பத்து வயசு இருக்கும். ரேடியோ திண்ணையில் இருந்ததாம். தாத்தாவும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்களாம். வேலைக்கு வந்த ஆட்கள் வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்டார்களாம். "அவங்களும் கேட்டாங்கடா, சத்தமாத்தான் வைப்பாரு. ஆனா அவங்ககிட்ட நெலம் ஏது?"

அம்மாவின் அந்தக் கடைசிக் கேள்விக்கு ஷானன் படத்தில் இடமில்லை. செய்தி திண்ணைக்கும் போனது, வாசலுக்கும் போனது. இரைச்சல் இல்லை. பெறுநர் இரண்டு பேர். ஒருவர் விதை வாங்கப் போனார், இன்னொருவர் அந்த விதையை நட்டுக் கூலி வாங்கினார். எவரெட் ரோஜர்ஸின் 1962-ஆம் ஆண்டுப் புத்தகம் புதுமையை ஏற்கிறவர்களை வரிசைப்படுத்தும்: புதுமையாளர், முன்னேற்பாளர் என்று போய்க் கடைசியில் பின்தங்கியவர். தாத்தாவுக்கு அதில் ஒரு கட்டம் கிடைக்கும். வாசலில் நின்றவருக்கு எந்தக் கட்டமும் கிடையாது. அவர் பின்தங்கியவர்கூட இல்லை. ஏற்கவோ மறுக்கவோ அவரிடம் நிலமே இல்லையே.

அவர்கள் பேசவே இல்லையா? பேசினார்கள். அதே தஞ்சாவூர் மாவட்டத்தில், அதே பத்தாண்டில், கூலி உயர்வு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ரேடியோ நெல்லால் வெண்மணி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கீழே இருந்து மேலே வந்த பேச்சுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காத ஒரு பாடத்துக்குத் தொடர்பியல் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த விமர்சனம் புதிதும் இல்லை. பழைய மாதிரியின் காலம் முடிகிறது என்று 1976-ல் ரோஜர்ஸே கட்டுரை எழுதினார். பாடத்திட்டத்தில் அது இரண்டாம் அலகின் கடைசியில், 'மாற்றுக் கருத்துகள்' என்ற இரண்டு சொல்லாகக் கிடக்கிறது. செமஸ்டர் முடிகிற அவசரத்தில் முதலில் வெட்டுப்படும் இடம் அது.

மூன்றாம் அலகின் இந்திய அனுபவங்கள் எவை? 1956-ன் புனே வானொலி மன்றங்கள். 1975-76-ல் 6 மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி காட்டிய சைட் திட்டம். குஜராத்தின் கேடா. எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் நடந்ததில்லை. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னதன் தொடர்ச்சியில் வந்தது அது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. வாசலில் நின்றவர் மைக் பிடிக்கச் சட்டப்படி வழி பிறந்த கதை. பாடத்திட்டத்தில் 'சமுதாய வானொலி' என்பதோடு சரி.

நான்காம் அலகு இன்னும் வருத்தம். வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் 'நாட்டார் ஊடகங்களின் பயன்பாடு' என்ற தலைப்பின் கீழே வருகின்றன. குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, சேமிப்பு என்று எதை வேண்டுமானாலும் ஊற்றி அனுப்பும் குடம் மாதிரி. வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பக்கப்பாட்டுக்காரர் ஒருவர் இருப்பார். புலவர் ஒரு வரி சொன்னால் அவர் 'ஆமா' போடுவார், சமயத்தில் குறுக்கே கேள்வியும் கேட்பார். கேட்கிறவருக்கு மேடையிலேயே ஒரு இடம் போட்டு வைத்த கலை. அதைக் கோட்பாடாகப் படிக்காமல் வாய்க்காலாகப் படிக்கிறோம்.

வாத்தியார்களைக் குறை சொல்லவில்லை. கேள்வித்தாள் வெளியிலிருந்து வருகிறது. 75 மார்க் அதில்தான். சொந்தமாக ஒரு உதாரணம் சொன்னால், "இது எக்ஸாமுக்கு வருமா சார்?" என்று முதல் பெஞ்சிலிருந்தே கேள்வி வரும். கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் இருப்பவரிடம் போய் பாடத்திட்டத்தோடு மல்லுக்கட்டு என்று சொல்ல நான் யார்?

சீனியர்கள் சொல்கிற 'ஸ்கோப்' விஷயமும் லேசானதில்லை. அக்கா வீட்டில் கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. விளம்பரம் படித்தால் வேலை சீக்கிரம் கிடைக்கலாம். அதை மறைத்துவிட்டு இலட்சியம் பேசினால் நான் நல்ல மாமா இல்லை. ஆனால் மற்ற இரண்டு சிலபஸையும் வாங்கிப் பார்த்தேன். விளம்பரவியலிலும் முதல் அலகு அதே லாஸ்வெல்தான். டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் பெறுநருக்கு 'டார்கெட்' என்று பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றும் ஒரே அம்புக்குறி. வளர்ச்சித் தொடர்பியலில் மட்டும்தான், அந்த அம்பைத் திருப்பிப் பார்க்க அலகின் ஓரத்திலாவது கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள்.

புது செமஸ்டருக்குப் பாடம் பதிகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அக மதிப்பீட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். நீங்களே தலைப்பு வைத்து எழுதலாம் என்று இருந்தால், அந்தப் பாடத்துக்குள் ஒரு ஜன்னல் இருக்கிறது. தமிழில் எழுதலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தின் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று தேடுங்கள். வரவில்லை என்றால், அதுதான் உங்கள் தலைப்பு.

நேற்று ராத்திரி போனில் இதையெல்லாம் சொன்னேன். ரேடியோ நெல் வரைக்கும் சத்தமில்லாமல் கேட்டாள்.

"இது சிலபஸ்ல இருக்கா மாமா?"

"இல்ல."

"அப்ப இன்டர்னல் 25-க்கு அம்மாச்சிய பேட்டி எடுத்துக் குடுக்கலாமா?"

"உங்க மேடம் ஒத்துக்கணும்."

"கேக்கறேன். அம்மாச்சிய மட்டுமில்ல. வாசல்ல நின்னவங்க வீட்டுலயும் யாராவது இருப்பாங்கல்ல?"

எனக்கு இருபது வருஷம் பிடித்தது, அந்த வாசலைப் பார்க்க. அம்மாவிடம் கேட்டதோடு நானும் நின்றுவிட்டவன்தான். தெரு தாண்டிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

இதை எழுதும்போது வியாழன் ராத்திரி மணி 11. போர்ட்டலில் வளர்ச்சித் தொடர்பியலுக்கு இதுவரை 11 பேர். கிளாஸ் குரூப்பில் வாய்ஸ் நோட் போட்டிருக்கிறாளாம், இரண்டு பேரிடம் நேரில் பேசியும் இருக்கிறாளாம். இன்னும் நாலு பேர் வேணும். நாளை சாயங்காலம் 5 மணி வரைக்கும் நேரம் இருக்கிறது.