மொரிஸ் மைனரின் பின் லைட் சைக்கிளுக்கு ஆகுமா?

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு இரவில் சைக்கிளில் போனவருக்கு அந்த இருட்டு தெரியும். களப்புக் காற்று பக்கவாட்டில் தள்ளும். கழுதைகள் வீதியை மறித்து நிற்கும். முதுகுக்குப் பின்னால் லொறி இரைந்து வரும். அந்நேரம் நமக்காகப் பேசுவது பின் லைட் ஒன்றுதான். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது மூலையில் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அப்படியொன்றைப் பிரித்து, நிறம் பூசி, ஆசைப்படி கட்டுகிறவர், பின் மட்காட்டில் பழைய மொரிஸ் மைனரின் லைட்டைப் பூட்டலாமா? அழகு, வெளிச்சம், உப்புக்காற்று ஆகிய மூன்றையும் வைத்து எடைபோட வேண்டும்.

அழகில் குறையே இல்லை. 1948 முதல் 1971 வரை வந்த அந்தக் காருக்கு லூகஸ் செய்த விளக்கைக் கையில் எடுத்தாலே கனம் தெரியும்: குரோம் வளையம், அடியில் றப்பர், குங்குமச் சிவப்பில் உப்பிய மூடி. சைக்கிள் லைட்டை விட அகலமானதால் தூரத்திலேயே கண்ணில் படக்கூடியது. மழைக்கும் குலுக்கலுக்கும் என்றே செய்தது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பொறுமையாகத் தேடலாம்.

வெளிச்சத்தில்தான் சறுக்கல். அந்த விளக்குக்குரிய பல்ப் 12 வோல்ட். பின் லைட் இழை 5 வாட், பிரேக் இழை 21 வாட். சைக்கிள் டைனமோவோ 6 வோல்ட்டில் மொத்தம் 3 வாட் தரும். அதில் வழக்கமாக 2.4 முன்னுக்கு, 0.6 பின்னுக்கு. பாதி வோல்ட்டில் அந்த 5 வாட் இழை கொடுக்கும் ஒளி, முழு ஒளியில் பத்தில் ஒரு பங்களவுதான். அந்த மங்கலுக்காக டைனமோவின் சக்தியில் பாதியை இழுத்து, முன் லைட்டையும் கெடுக்கும். சைக்கிளை நிறுத்தினால் இரண்டும் அணைந்துவிடும். வீதியோரம் நிற்கும்போது லைட் இல்லாமல் போவது எந்த அழகாலும் ஈடுசெய்ய முடியாத குற்றம்.

அடுத்தது உப்பு. காரில் ஒரு வயர்தான் வரும். மின்சாரம் திரும்பிப் போவது காரின் உடல் வழியாக. சைக்கிளில் அதையே செய்ய மட்காட்டின் பெயின்றைச் சுரண்டினால், சுரண்டிய இடத்திலிருந்தே துரு ஏறும். துத்தநாகக் கலவையில் வார்த்த அடிப்பாகம் என்றால், இரும்புத் திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். புத்தளத்து உப்பளங்களைத் தழுவி வரும் காற்றுக்கு இது சின்ன வேலை.

ஆகவே என் தீர்ப்பு இது: கூட்டை வைத்துக்கொள்ளுங்கள், குடலை மாற்றுங்கள். உள்ளே அரை வாட் சிவப்பு எல்.ஈ.டி போடுங்கள். வெள்ளை வேண்டாம்; வெள்ளை எல்.ஈ.டியின் ஒளியில் பெரும்பகுதியைச் சிவப்பு மூடி விழுங்கிவிடும். சீற்றுக்கு அடியில் 3.7 வோல்ட், 2,000 மில்லி அம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஒன்று இருந்தால் பத்து மணித்தியாலம் தாராளமாக எரியும், நின்றாலும் அணையாது. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு வயர் இழுங்கள். திருகாணி துருப்பிடிக்காத எஃகாகவும், இணைப்புகளில் கிரீஸும் இருக்கட்டும். கீழே தனியாக ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும் கட்டாயம்.

இவ்வளவும் செய்தால் அந்த விளக்கு முழு மனதோடு பரிந்துரைக்கத்தக்கது. பழைய பல்ப்போடு அப்படியே பூட்டினால் அது பகலில் பார்க்க மட்டும். பொழுதுபட்ட பிறகு அதை நம்பி கற்பிட்டி வீதியில் இறங்காதீர்கள்.