பயிற்சி அறையில் இல்லாத எதிராளி

முதல் உள்ளூர் ஃபைட்டிங் கேம் டோர்னமென்ட்டுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "டிரெய்னிங் மோடுல உட்கார்ந்து காம்போ அடிச்சுப் பழகு." இந்த அறிவுரை பாதிதான் சரி என்பது என் வாதம்.

சரியான பாதியை முதல்ல பார்த்துடுவோம். 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டிரெய்னிங் மோடு உண்மையிலேயே அருமையான கருவி. ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிநொடி. நாம் விட்ட குத்து எத்தனையாவது ஃபிரேமில் படுகிறது, எதிராளி தடுத்துவிட்டால் அடுத்து யார் முதலில் அசைய முடியும் என்பதையெல்லாம் திரையிலேயே கட்டம் கட்டமாகக் காட்டிவிடும்.

ஆனால் அங்கே எதிரில் நிற்கிற பொம்மைக்குப் பயம் கிடையாது. அது பொறுமை இழக்காது, நம்மை ஏமாற்றணும்னு நினைக்காது. சிலம்பம் ஆடுகிறவர்களுக்கு இது புதுசில்லை. தனியாகக் கம்பு சுற்றுவது வேறு, தொடுமுறையில் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுப்பது வேறு. சுற்ற மட்டும் தெரிந்தவர் தொடுமுறையில் திணறிப்போவார்.

நம்ம கடற்கரையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில், 16 வயது குகேஷ் தன் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். 10-ஆவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்தவர், நேர நெருக்கடியில் தவறு செய்து ஆட்டத்தையே இழந்தார். கடைசியில் 11-க்கு 9 புள்ளி, முதல் பலகைத் தங்கம் அவருக்குத்தான். அணிக்குக் கிடைத்தது வெண்கலம். தெரிந்ததை, ஒரு மனிதருக்கும் கடிகாரத்துக்கும் முன்னால் உட்கார்ந்து செய்து முடிப்பது தனித் திறமை. அவ்வளவு தயாரிப்போடு வந்தவருக்கே அது கைநழுவும்னா, மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் திறமை ஆட்களோடு ஆடித்தான் வரும். லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019-இல் ஜப்பானிலும் லாஸ் வேகஸிலும் நடந்த இரண்டு ஈவோ டெக்கன் பட்டங்களையும் வென்றார். அதுவரை டெக்கன் உலகம் பாகிஸ்தானைக் கண்டுகொண்டதே இல்லை. ஊரில் தன்னைவிடப் பலமானவர்கள் இருக்காங்கன்னு அவர் சொன்னார். தென்கொரிய ஜாம்பவான் 'நீ' (முழங்கால்தான், முன்னிலை இல்லை) பாகிஸ்தானுக்கே கிளம்பிப் போய் அங்குள்ளவர்களோடு ஆடிப் பார்த்தார். ஒரு ஊரின் பலம் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள்தான்.

அப்போ தயாரிப்பு எப்படி இருக்கணும்? ஒரே கேரக்டர். நிச்சயமாகக் கைவரும் இரண்டு காம்போ போதும். எதிராளி குதித்து வந்தால் அடிக்க ஓர் அடி. மீதி நேரமெல்லாம் மனிதர்களோடு ஆட்டம், பிறகு தோற்ற ரீப்ளேயைத் திரும்பப் பார்ப்பது. சொந்தக் கண்ட்ரோலரைக் கொண்டு போங்க. ஆடி முடிந்ததும் புளூடூத் இணைப்பைத் துண்டிச்சுடுங்க. பையில் கிடக்கும் கண்ட்ரோலரில் தப்பாக ஒரு பட்டன் அமுங்கி, அடுத்தவர் ஆட்டம் நின்றுபோனால் பெரிய சங்கடம்.

இன்னொன்றுக்கும் தயாராகணும். பல உள்ளூர்ப் போட்டிகள் டபுள் எலிமினேஷன்: இரண்டு தோல்வி, வெளியே. 16 பேர் ஆடினால் முதல் சுற்றில் 8 பேர் தோற்பார்கள். அந்த எட்டில் 4 பேர் அடுத்த ஆட்டத்திலும் தோற்று, ஒரு வெற்றிகூட இல்லாமல் வெளியேறுவார்கள். பதினாறு பேருமே கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. செங்கல்பட்டில் ரயில் ஏறியோ, மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆர் பஸ் பிடித்தோ சென்னைக்குப் போகும் புதியவர் அந்த நாலில் ஒருவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காம்போவை மட்டும் நம்பிப் போனவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, திரும்ப வரவே மாட்டார். அப்படி ஒவ்வொருவராக நின்றுபோனால் அடுத்த டோர்னமென்ட்டே இருக்காது.

அதனால் தோற்றதும் கிளம்பிடாதீங்க. தோற்கடித்தவரிடமே போய், "நான் எங்கண்ணா மாட்டினேன்?"னு கேளுங்க. காலியாக இருக்கும் டிவியில் இன்னும் பத்து ஆட்டம் ஆடுங்க. எந்த டிரெய்னிங் மோடும் அந்தப் பதிலைத் தராது.