ஹெரால்டுக்கு எஃப்.சி. வாங்கிய நாள்

கிடைச்சிருச்சு! இன்னும் ஐந்து வருடத்துக்கு என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ராஜா மாதிரி ரோட்டில் ஓடலாம். எஃப்.சி. கைக்கு வந்து மூன்று நாளாகிறது. இன்னும் காலையில் எழுந்ததும் முதலில் ஷெட்டுக்குப் போய் அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபி. ஆர்.சி. புக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டப்படி இதற்குப் பெயர் பதிவு புதுப்பித்தல். சொந்தக் காருக்கு முதல் 15 வருடம் கவலையில்லை. அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியை நேரில் காட்டி, ஓடத் தகுதியானது என்று நிரூபிக்க வேண்டும். லாரி, வேன்காரர்கள் பழக்கத்தில் நாமும் அதை எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, என்றே சொல்கிறோம்.

வண்டி முதலில் என் தாய்மாமாவுடையது. 1966 மாடல், இரண்டு கதவு, மதுரைப் பதிவு; எங்கள் ஊர் இருக்கிற திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தானே. ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா என்று யாராவது கேட்டால் எனக்கு மூச்சுவிடாமல் பேச வரும். இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலொட்டி வரைந்த உருவம், இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்தது, 1961-ல் சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் நம்ம ஊர்க் காரானது. இதன் சேஸிஸைக் கொஞ்சம் குறுக்கி, மேலே வேறு உடம்பு வைத்துத்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்கிற அந்த அழகான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். ஒரே ரத்தம்! சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே சீறிக்கொண்டு ஓடியிருக்கின்றன. போதுமா?

இப்போது எஃப்.சி.க்குக் கிளம்பிய அந்தக் காலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மலைமேல் எங்கள் வடகவுஞ்சியில் விடிகிற நேரம், காபிச் செடிகளுக்கு மேலே பஞ்சு மாதிரி மூடுபனி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். முதல் தடவை ஒரு இருமல், இரண்டாவது தடவை ஒரு முனகல், மூன்றாவது தடவை அந்த 948 சி.சி. எஞ்சின் பிடித்துக்கொண்டு தடதடவென்று பேச ஆரம்பித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் வாசனையும், பழைய சீட்டின் வாசனையும், வெளியே ஈர மண் வாசனையும் கலந்து ஒரு மூச்சு இழுத்தேன் பாருங்கள், ஆகா! பழனி ரோட்டில் சவரிக்காடு பக்கம் இரண்டாவது கியரிலேயே விட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல், வளைவுக்கு வளைவு எஞ்சின் பாட்டைக் கேட்டுக்கொண்டே இறங்கினேன். கீழே பாலாறு பொருந்தலாறு அணை வெள்ளித் தகடாக மின்ன, தூரத்தில் தண்டாயுதபாணி மலை தெரிந்ததும் "முருகா, வீல் சிலிண்டர் உன் பொறுப்பு" என்று கும்பிட்டேன்.

ஏன் வீல் சிலிண்டர் என்றால், இதற்கு முந்தைய முறை அங்கேதான் கோட்டைவிட்டேன். பிரேக் அடித்ததும் வண்டி இடது பக்கம் இழுத்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. மலை ரோட்டில் அப்படி இழுத்தால் பள்ளத்தாக்குதான். மெக்கானிக் அண்ணன் நாலு டிரம்மையும் கழற்றிப் பார்த்து, கசிந்த சிலிண்டரை மாற்றி, லைனிங் புதிதாக ஒட்டிக் கொடுத்தார். அந்த ஒரு குறையைத் தவிர என் ஹெரால்டின் மேல் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் வரிசை. முன்னே ஒரு தக்காளி வேன், பின்னே ஒரு ஸ்கூல் பஸ், நடுவில் என் வெளிர் நீலக் கிளி! பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக், டயர், புகைச் சான்று, இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அப்புறம் "பானெட்டைத் திறங்க" என்றார். இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்துத் தூக்கினேன், அவ்வளவுதான், ஹெட்லைட், மட்கார்டு, மூக்கு என்று வண்டியின் முன்பாகம் மொத்தமும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறந்துகொண்டது. எஞ்சின், ஸ்டீயரிங் ராக், ஸ்பிரிங், இரண்டு முன் சக்கரம் எல்லாம் வெட்ட வெளிச்சத்தில்! குனிய வேண்டாம், டார்ச் வேண்டாம், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். அந்த மனிதர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அப்புறம் சிரித்தார். "எங்கப்பா காலத்து வண்டி சார் இது" என்றார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்க, சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாக எழுந்து வந்தது பாருங்கள், வண்டலூரில் யாரோ ஒரு தொழிலாளி அறுபது வருடத்துக்கு முன்னால் அடித்த அதே எழுத்து, இன்றைக்கு என் விரலுக்கு அடியில், ஆர்.சி. புக்கோடு ஒன்று மாறாமல்! கடைசியில் அவரே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து ஒரு ஓட்டு ஓட்டி, நச்சென்று பிரேக் அடித்தார். நேர்க்கோட்டில் நின்றது. மைதானத்து மூலையில் ஜீப்கூட இரண்டு தடவை முன்னும் பின்னும் போக வேண்டிய இடத்தில் ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு வந்தார். திரும்பு வட்டம் வெறும் 25 அடி, லண்டன் டாக்ஸிக்கு இருக்கிற அளவு! ஸ்கூல் பஸ் டிரைவர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

கட்டணம்? 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025-ல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. கூடுதல்தான், இருக்கட்டும். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவும் இருக்கிறது: புதிதாகப் பதிகிறவர்களுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து. ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது என்று சிலதுக்குத்தான் வெளியே எடுக்கலாம். எனக்குச் சரிப்படாது. பழனிச் சந்தைக்கு மலை வாழைத் தார் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் எனக்கு! இங்கிலாந்தில் 1960-ல் பத்து வருடப் பழைய கார்களுக்கென்றே சோதனையை ஆரம்பித்தவர்கள், 2018-லிருந்து 40 வருடம் தாண்டிய கார்களுக்கு வருடாந்தரச் சோதனையே கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்ம ஊர்ச் சோதனை மட்டும் இல்லையென்றால் கசிந்த சிலிண்டரோடுதான் நான் இன்னும் மலை இறங்கிக்கொண்டிருப்பேன்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன் சக்கரத்தின் அடியில் டிரன்னியன் என்று ஒரு உருப்படி இருக்கிறது, சக்கரம் திரும்புவதே அதன் மரையில்தான். அது காய்ந்து தேய்ந்தால் ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். அதற்குக் கிரீஸ் அடிக்காதீர்கள், 90-ஆம் நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். எஃப்.சி.க்குக் கிளம்பும் முன்பு மறக்காமல் பாருங்கள்.